பழைய பள்ளி நோட்டில் ஒட்டிய ஸ்ட்ரிப் கார்டுகளைப் பிரித்தெடுத்த கதை

பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் போட்ட பழைய கார்டுகளைச் சேகரிப்பவர்களிடையே ஸ்ட்ரிப் கார்டுக்குப் பெரிய மரியாதை கிடையாது. சிகரெட் பெட்டியில் வந்த கார்டு என்றால் கண் விரியும். மிட்டாயோடு வந்தது என்றாலும் எடுத்துப் பார்ப்பார்கள். ஸ்ட்ரிப் கார்டு என்றதும் உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார்கள். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மட்டமான அட்டை, அவசரத்தில் அடித்த வண்ணம், எழுதப்படாத பின்பக்கம். வரைந்த முகத்தைப் பார்த்து ஆள் யாரென்று சொல்ல முடியாது. கீழே இருக்கும் பெயரைப் படித்தால்தான் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓரம் எதுவும் நேராக இருக்காது.

எனக்குப் பிடித்ததே அந்தக் கோணல் ஓரம்தான். அதனால்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

முதலில் இது என்ன பொருள் என்று சொல்லிவிடுகிறேன். 1909 முதல் 1911 வரை அமெரிக்கப் புகையிலை நிறுவனம் சிகரெட் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த கார்டுகள் புகழ்பெற்றவை. அங்கே விற்பனைப் பொருள் சிகரெட், கார்டு இனாம். முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் வந்த ஸ்ட்ரிப் கார்டில் இந்தக் கணக்கு மாறியது. கார்டே சரக்கு. நீளமான அட்டைப் பட்டையில் வரிசையாகப் படங்களை அச்சிட்டு மிட்டாய்க் கடைகளுக்கு அனுப்பினார்கள். நம் ஊர்ப் பெட்டிக்கடையில் தொங்கும் ஷாம்பு சரத்திலிருந்து கடைக்காரர் ஒன்றிரண்டை நறுக்கித் தருவது போல, அங்கே சில்லறையை நீட்டிய பிள்ளைக்குப் பட்டையிலிருந்து நறுக்கிக் கொடுத்தார்கள். சில வேளை பட்டை முழுதாகவே கைக்கு வரும்; வீட்டில் போய்ப் பிள்ளையே வெட்டிக்கொள்ளும். இயந்திரம் வெட்டாத கார்டு என்பதால் ஒரே தொகுப்பின் இரண்டு கார்டுகள்கூட ஒரே அளவில் இருக்காது.

யார் அச்சிட்டது என்பது பெரும்பாலான கார்டுகளில் எங்குமே இருக்காது. அனுமதி, உரிமை என்று கவலைப்பட்ட தொழிலாகவும் இது தெரியவில்லை. 1922இல் அமெரிக்கன் கேரமல் நிறுவனம் மிட்டாயோடு கொடுத்த கார்டுகளின் படங்கள் அப்படியே பின்பக்கம் வெறுமையாக ஸ்ட்ரிப் கார்டாகவும் வந்தன. டபிள்யூ 516 என்ற தொகுப்பில் ஒரு வகையில் படங்கள் இடவலம் மாறியே அச்சாகியிருக்கின்றன. வலக்கைக்காரர் இடக்கைக்காரராகி நிற்பார். யாரும் அதைத் திருத்த முனைந்ததாகத் தெரியவில்லை.

டபிள்யூ என்ற எழுத்தையும் எண்ணையும் கொடுத்தவர் ஜெஃபர்சன் பர்டிக். நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் மின்சாதனத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். மூட்டுவாதத்தால் கை முடங்கிக்கொண்டே வந்த மனிதர். 1939இல் அமெரிக்க அச்சுக் கார்டுகளுக்கு முதல் பட்டியலை வெளியிட்டார். புகையிலைக்கு டி, பழைய மிட்டாய்க் கார்டுக்கு ஈ, ஸ்ட்ரிப் கார்டுக்கு டபிள்யூ என்று அவர் பிரித்ததைத்தான் இன்றைக்கும் எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். தம் சேகரிப்பு முழுவதையும், 3 லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகளை, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். கொடுத்ததோடு நிற்காமல், ஆண்டுக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்து ஆல்பங்களில் தம் கையாலேயே ஒட்டினார். 1963 ஜனவரியில் கடைசிக் கார்டை ஒட்டி முடித்தார், மார்ச்சில் காலமானார். ஒட்டிய கார்டு என்றாலே முகம் சுளிக்கிறவர்களிடம் நான் இதை நினைவூட்டுவது வழக்கம். இந்தப் பொழுதுபோக்கின் புகழ்பெற்ற சேகரிப்புகளில் ஒன்றே ஒட்டிய சேகரிப்புதான்.

என் கைக்கு வந்தது ஒரு பள்ளிக்கூட நோட்டு. மாசசூசெட்ஸில் பிரிம்ஃபீல்ட் என்ற சிற்றூரில் மே, ஜூலை, செப்டம்பர் மாதங்களில் சாலையின் இருபுறமும் பழம்பொருள் சந்தை விரியும். அங்கே துருப்பிடித்த கதவுப் பூட்டுகளோடு ஒரு பெட்டியில் கிடந்தது. தைத்த முதுகு விட்டுப்போய், தாள்கள் தனித்தனியாக இருந்தன. தாளுக்கு ஆறேழு கார்டுகள். முதல் பக்கத்தில் பெயர் எழுதிய மூலை கிழிந்துபோயிருந்தது. ஒட்டியது பையனா பெண்ணா என்று தெரியாது. பையன் என்றே வைத்துக்கொள்கிறேன்.

பிரித்தெடுப்பதா, அப்படியே விடுவதா என்பதில்தான் அதிகம் யோசித்தேன். நோட்டு முழுதாக இருந்தால் அதுவே ஒரு ஆவணம். ஆனால் அந்தக் காலத்துப் பள்ளி நோட்டின் தாள் மரக்கூழில் செய்தது. மரத்தின் நார்களைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருளைப் போக்காமல் செய்த தாள் ஆண்டு செல்லச் செல்ல அமிலம் சுரந்து பழுப்பேறி, மடக்கினால் அப்பளம்போல் ஒடியும். இந்த நோட்டின் ஓரங்கள் ஏற்கெனவே உதிர்ந்துகொண்டிருந்தன. அந்த அமிலம் கார்டின் முதுகுக்கும் ஏறும். எனவே ஒரு முடிவுக்கு வந்தேன்: முதலில் எல்லாத் தாள்களையும் இருபுறமும் ஸ்கேன் செய்வது, பிரிக்கக்கூடியதைப் பிரிப்பது, பிரிக்கக்கூடாததைத் தொடாமல் விடுவது. ஸ்கேனுக்கு 1200 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 1200 புள்ளி, வைத்தேன். அது எவ்வளவு பயன்பட்டது என்று பின்னால் சொல்கிறேன்.

தண்ணீரில் இறக்குமுன் அசல்தானா என்று பார்த்தாக வேண்டும். மறுபதிப்பை நோட்டில் ஒட்டி விற்கிறவர்களும் உண்டு. இரண்டு சோதனைகள் போதும். ஒன்று லென்ஸ். பத்து மடங்கு பெருக்கும் கைக்கண்ணாடியில் பெயர் எழுத்துகளைப் பார்க்க வேண்டும். அசலில் எழுத்து தனிக் கறுப்பு மையால் அடித்தது. ஓரம் கொஞ்சம் கசிந்திருந்தாலும் உள்ளே நிறைவாக இருக்கும். அசல் கார்டைப் படமெடுத்து நான்கு வண்ணத்தில் திரும்ப அச்சிட்டதில் எழுத்தே நீலமும் சிவப்பும் மஞ்சளுமான புள்ளிகளாகச் சிதறும். இரண்டாவது, புற ஊதா டார்ச். தாளை வெள்ளையாகக் காட்டும் ஒளிரும் ரசாயனங்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே காகிதத் தொழிலில் பரவின. அதனால் இருட்டறையில் அந்த ஒளி பட்டதும் நீலவெள்ளையாகப் பளிச்சிடும் கார்டு 1920ஐச் சேர்ந்தது அல்ல. பளிச்சிடாதது எல்லாம் அசல் என்று அர்த்தமில்லை, பழைய தாளில் புதிதாக அச்சடிக்கவும் முடியும். இரண்டு சோதனையும் சேர்ந்து தேறினால் ஓரளவு நிம்மதி. இந்த நோட்டில் எல்லாமே மங்கலாக, சோம்பலாகவே கிடந்தன. நல்ல அறிகுறி.

அடுத்தது பசை. தாளின் ஓரத்தில் கார்டு இல்லாத இடத்தில் காய்ந்திருந்த ஒரு பசைத் திட்டின் மேல் ஈரத் தூரிகையை வைத்தேன். சிறிது நேரத்தில் அது ஊறி, வெண்மையாகக் குழைந்தது. மைதாப் பசை, வீட்டிலேயே கிண்டியதாக இருக்கும். மகிழ்ச்சி. மாவுப் பசை எத்தனை ஆண்டானாலும் தண்ணீருக்கு இளகும். ஒரே ஒரு தாளில் மட்டும் பசை தேன் நிறத்தில் இறுகி, தண்ணீரைச் சட்டை செய்யவில்லை. ரப்பர் கரைசல் வகை. அதற்கு வேதிக் கரைப்பான் வேண்டும். அது காகிதப் பராமரிப்பு படித்தவர்கள் செய்ய வேண்டிய வேலை. அந்தத் தாளை எடுத்துத் தனியே வைத்தேன்.

வண்ணமும் கசியக் கூடாது. கல்லச்சு மை எண்ணெய் கலந்தது என்பதால் பொதுவாகத் தண்ணீரில் ஓடாது. என்றாலும் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு துளி வைத்து, வெள்ளைப் பஞ்சால் ஒற்றிப் பார்த்தேன். சிவப்பில்தான் பயம் இருந்தது. பஞ்சு வெள்ளையாகவே வந்தது.

கலங்க வைத்தது அச்சு மை அல்ல. ஒரு தாளில் கார்டுகளுக்குக் கீழே பையன் ஏதோ எண்கள் எழுதியிருந்தான். பார்வைக்குச் சாதாரணப் பென்சில், சாம்பல் நிறம். சாதாரணப் பென்சில் என்றால் தண்ணீரால் ஒன்றும் ஆகாது. ஆனால் சில கோடுகளில் மட்டும் ஒரு மினுமினுப்பு. நுண்ணிய தூரிகையின் நுனியை நனைத்து ஒரு கோட்டின் முனையில் தொட்டேன். சாம்பல் கோடு கண் முன்னாலேயே ஊதாவாக மலர்ந்தது. அது நகலெடுக்கும் பென்சில். அழிக்க முடியாமல் இருப்பதற்காக கிராஃபைட்டோடு அனிலின் சாயம் கலந்து செய்வார்கள். அந்தக் காலத்துக் கணக்கர்கள் கையில் எப்போதும் இருந்த பொருள். அந்தத் தாளைத் தண்ணீரில் போட்டிருந்தால் கார்டு ஆறும் கத்தரிப்பூ நிறத்தில் வந்திருக்கும். அதுவும் தொடாத தாள்களின் பக்கம் சேர்ந்தது.

மற்ற தாள்களுக்கு வேலை எளிது, பொறுமைதான் செலவு. பேக்கிங் தட்டு ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், கை பொறுக்கும் இளஞ்சூட்டுக்கும் குறைவாக. அடியில் பாலியெஸ்டர் படலம் ஒன்று. தாளை அதன் மேல் கிடத்தி அப்படியே மெல்ல இறக்கினேன். ஈரக் காகிதத்துக்கு வலு கிடையாது, விரலால் தூக்கினால் சொந்தப் பாரத்திலேயே கிழியும். படலத்தோடுதான் இறக்க வேண்டும், படலத்தோடுதான் ஏற்ற வேண்டும். சில நிமிடங்களில் தண்ணீர் வெளிர்த் தேநீர் நிறத்துக்கு வந்தது. தாளில் இத்தனை காலம் சேர்ந்த அமிலமும் சிதைவும் கழுவிக்கொண்டு வரும் நிறம் அது. தண்ணீரை மாற்றினேன். பிறகு காத்திருப்பதுதான்.

கார்டைப் பிடித்து இழுக்கவே கூடாது. பசை முழுதாக ஊறியதும் அதுவே விலகும். முதலில் ஒரு மூலை லேசாக எழும்பும். அடியில் தண்ணீர் புகுந்ததும் பக்கவாட்டில் ஒரு வழுக்கல். அப்போது இன்னொரு படலத் துண்டை இடையில் செருகி ஏந்தி எடுத்தேன். முதுகில் மிச்சமிருந்த பசையை அதே தண்ணீரில் வைத்து, மென்மையான தூரிகையால் ஒரே திசையில் தள்ளிவிட்டேன். முன்னும் பின்னும் தேய்த்தால் அட்டையின் நார் எழும்பிவிடும். நோட்டின் நீலக் கோடு ஒன்று ஒரு கார்டின் முதுகில் அச்சாகப் பதிந்திருந்தது. அதை விட்டுவிட்டேன்.

இப்படி நனைப்பது முறையா என்று சேகரிப்பாளர்களிடையே ஓயாத சண்டை உண்டு. வெறும் தண்ணீர் போதுமானது, வேதிப்பொருள் கூடாது என்பது பலரின் எல்லைக்கோடு. எனக்கும் அதே கோடுதான். வெளுப்பான் சேர்த்துக் கறை போக்கிய கார்டுகளைப் பார்த்திருக்கிறேன். சோகை பிடித்தது போல் இருக்கும். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: விற்றாலும் கொடுத்தாலும், நோட்டிலிருந்து நனைத்து எடுத்தது என்று சொல்லிவிட வேண்டும்.

காய வைப்பதில் அவசரப்பட்டால் முன்னால் செய்தது அத்தனையும் வீண். ஈரக் கார்டைத் திறந்து வைத்தால் நார் ஒரு திசையில் அதிகமாகச் சுருங்கிக் குழல்போல் சுருண்டுகொள்ளும். மை ஒற்றுத்தாள், அதன் மேல் வழுவழுப்பான பாலியெஸ்டர் துணி, அதில் கார்டு, மறுபடி துணி, மறுபடி ஒற்றுத்தாள். மேலே கண்ணாடிப் பலகை. அதன் மேல் என் மனைவி ஒருபோதும் திறக்காத இரண்டு தடித்த சமையல் புத்தகங்கள். முதல் அரை மணியில் ஒற்றுத்தாளை மாற்ற வேண்டும், சில மணி நேரத்தில் மறுபடியும், பிறகு தினமும். மேலே தொட்டால் காய்ந்தது போலத் தோன்றும்போதும் அட்டையின் உள்ளே ஈரம் இருக்கும். ஒரு வாரமாவது பாரத்துக்கு அடியில் கிடக்க வேண்டும்.

இனி ஓரங்களுக்கு வருகிறேன்.

கத்தரிக்கோல் ஒரு முறை ஓடினால் இரண்டு ஓரங்கள் பிறக்கின்றன: இடப்பக்கத்துக் கார்டின் வல ஓரம், வலப்பக்கத்துக் கார்டின் இட ஓரம். கோணலாக வெட்டியிருந்தால் இரண்டும் ஒரே கோணல். ஒன்றில் உள்வாங்கிய இடம் மற்றதில் துருத்தியிருக்கும். அப்படியானால் நோட்டு முழுக்கச் சிதறியிருக்கும் கார்டுகளில் எவையெவை ஒரே பட்டையில் பக்கத்தில் இருந்தவை என்று கண்டுபிடிக்க முடியும். நனைத்த காகிதம் சற்றே விரியும், பழைய அளவுக்கு அப்படியே திரும்பாது. அதனால்தான் நனைக்குமுன் எடுத்த ஸ்கேன் கைகொடுத்தது. ஒவ்வொரு ஓரத்தையும் கணினியில் தனிக் கோடாகப் பிரித்து, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன்.

முதல் ஜோடி சிக்கியது நிறத்தால். ஒரு கார்டின் வல ஓரத்தில், வெள்ளைக் கரைக்கும் அப்பால், நகக்கண் அளவுக்குப் பச்சை ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கார்டின் பின்னணி மஞ்சள். பச்சைக்கு அங்கே வேலையில்லை. அது பக்கத்துக் கார்டிலிருந்து வெட்டிக்கொண்டு வந்த கீற்று. நோட்டின் வேறொரு தாளில், பச்சைப் பின்னணி உள்ள ஒரு கார்டின் இட ஓரத்தில் வெள்ளைக் கரையே இல்லை. கீழ்ப்பாதியில் ஆட்டக்காரரின் முழங்கையையும் சேர்த்துக் கத்தரி தின்றிருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்தேன். முழங்கை முழுமையானது.

பிறகு வெட்டு முறையையே படிக்கப் பழகிவிட்டது கண். சாய்வாக விளக்கைப் பிடித்துப் பார்த்தால் தெரியும். நீண்ட வாயுள்ள கத்தரியில் ஒரே இழுப்பில் வெட்டிய ஓரம் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே சீராக ஓடும். சின்னக் கத்தரியில் நறுக்கு நறுக்கென்று வெட்டியதில், கத்தரி வாய் மூடித் திறந்த ஒவ்வொரு இடத்திலும் மயிரிழையளவு ஒரு படி விழுந்திருக்கும். இந்த நோட்டில் இரண்டு வகையும் உண்டு. பல கார்டுகளில் ஒரு பக்க ஓரம் சீரானது, மறுபக்கம் படிப்படியானது. நான் இதை இப்படிப் படிக்கிறேன்: கடைக்காரர் பெரிய கத்தரியால் இரண்டு மூன்று கார்டு சேர்ந்த துண்டாக நறுக்கிக் கொடுத்தார், வீட்டில் பையன் தன் கத்தரியால் அவற்றைத் தனித்தனியாக்கினான். நிரூபிக்க வழியில்லை. ஆனால் சீரான ஓரங்களுக்கு நோட்டில் ஜோடி அநேகமாகக் கிடைக்கவில்லை, படியுள்ள ஓரங்களுக்குத்தான் கிடைத்தது. சீரான ஓரத்தின் மறுபாதி வேறொரு பிள்ளையின் கைக்குப் போயிருக்கும்.

கார்டுகள் எந்தத் தொகுப்பு என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவைப்படவில்லை. வெற்றுப் பின்பக்கம், வண்ண ஓவியம், கீழே எண்ணும் பெயரும், அகலம் சுமார் 3.5 சென்டிமீட்டர், உயரம் சுமார் 6.4. டபிள்யூ 514. மொத்தம் 120 கார்டுகள் கொண்ட தொகுப்பு. 1919 முதல் 1921 வரை வந்தவை என்று கணிக்கிறார்கள். இந்தத் தொகுப்பில் பேஸ்பாலின் பெரிய நட்சத்திரமான பேப் ரூத் உண்டு, ‘ஷூலெஸ்’ ஜோ ஜாக்சன் உண்டு. அந்த இரண்டுக்கும் ஆயிரக்கணக்கான டாலர் விலை. என் நோட்டில் இரண்டும் இல்லை. முன்பே யாரோ எடுத்துவிட்டார்களோ என்று பசைத் தடத்தைக் கூர்ந்து பார்த்தேன். வெற்றிடமே இல்லை. பையனுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

கிடைத்தவர்களில் ரேபிட் மாரன்வில் இருந்தார், மேக்ஸ் கேரி இருந்தார். இருவரும் பின்னாளில், சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் பேஸ்பால் புகழ்மன்றத்துக்குப் போனவர்கள். நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது டிக் கெர்ரின் கார்டை. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்குச் சூதாட்ட ஊழல் என்றால் உடனே காது நிமிரும். 1919இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் ஆட்டக்காரர்கள் எட்டுப் பேர், பேஸ்பால் பருவத்தின் இறுதித் தொடரான உலகத் தொடரைப் பணத்துக்கு விட்டுக்கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டது. 1921 ஆகஸ்டில் சிகாகோ நீதிமன்றம் அவர்களில் விசாரணைக்கு வந்தவர்களை விடுவித்தது. மறுநாளே பேஸ்பால் ஆணையர் லாண்டிஸ் எட்டுப் பேருக்கும் ஆயுள் தடை விதித்தார். கெர் அதே அணியின் பந்துவீச்சாளர். அந்த எட்டுப் பேரில் ஒருவர் அல்ல. கூட இருந்தவர்களே தோற்கத் தீர்மானித்திருந்த தொடரில், சிகாகோ வென்ற மூன்று ஆட்டங்களில் இரண்டை அவர் வீசி வென்று கொடுத்தார். பின்னாளில் அவர் சிறு லீக் அணி மேலாளராக இருந்தபோது அவரிடம் ஆடிய இளைஞர் ஸ்டான் மியூசியல். பெரிய நட்சத்திரமான பிறகு 1958இல் கெர் தம்பதிக்கு ஹூஸ்டனில் ஒரு வீடே வாங்கித் தந்தார். என்னிடம் உள்ள கார்டில் கெர்ருக்கு வலப்பக்கக் கரை முழுதாக இல்லை. சந்தையில் பெரிய மதிப்பிருக்காது.

மதிப்பு என்றதும் இன்னொன்று. காய்ந்த கார்டுகளைப் பார்த்த ஒரு நண்பர், நல்ல எஃகு அளவுகோலும் கத்தியும் வைத்து நான்கு ஓரத்தையும் நேராக்கினால் பார்க்க அழகாக இருக்குமே என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். மற்ற பழைய கார்டுகளில் ஓரத்தைச் சீவுவது மோசடி. ஆனால் ஸ்ட்ரிப் கார்டு எப்படியும் கையால் வெட்டியதுதானே, இன்னொரு வெட்டு என்ன கெடுக்கும் என்பது அவருடைய வாதம். சான்றளிக்கும் நிறுவனங்களுக்கும் இது தலைவலிதான். கரை நாலு பக்கமும் மிஞ்சியிருந்தால் கார்டின் தரத்துக்கு ஓர் எண் கொடுப்பார்கள். வெட்டு படத்துக்குள் போயிருந்தால் அசல் என்று மட்டும் சொல்லி எண் தராமல் விடுவது வழக்கம். ஆகவே சீவுவதால் பணம்கூடப் பெரிதாக வராது. எனக்குக் கணக்கு வேறு. கார்டில் யார் அச்சிட்டது என்று இல்லை, எந்தக் கடையில் விற்றது என்று இல்லை, யார் வாங்கியது என்று இல்லை. அது யார் கைக்கு எப்படிப் போனது என்று சொல்ல மிஞ்சியிருப்பது கத்தரி போன தடம் ஒன்றுதான். அதைச் சீவி எறிந்தால் அப்புறம் மிஞ்சுவது சுமாரான ஓவியம்.

பாதுகாக்கும் உறை வாங்கும்போது ஒரு குறிப்பு. இன்றைய கார்டு இரண்டரைக்கு மூன்றரை அங்குலம். அந்த உறையில் இவற்றைப் போட்டால் உள்ளே உருண்டு ஓரம் தேயும். பழைய சிகரெட் கார்டுக்கென்று விற்கும் சின்ன உறை டபிள்யூ 514க்குப் பொருந்துகிறது. பாலியெஸ்டர் என்று எழுதியிருக்கிறதா பார்த்து வாங்குங்கள். மெத்தென்று வாசனை அடிக்கும் பிவிசி தாள்கள் வேண்டாம். அதிலிருந்து கசியும் பொருள் ஆண்டுகள் போகப் போக மையைப் பிசுபிசுக்க வைக்கும். ஜோடி சேர்ந்த கார்டுகளை ஒட்டவில்லை. ஒரே உறையில் பக்கம் பக்கமாக வைத்து, எந்தத் தாளின் எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். சாதாரணப் பென்சிலால்.

ரப்பர் பசைத் தாளும் ஊதாப் பென்சில் தாளும் அமிலம் நீக்கிய காகிதத்துக்கு நடுவே பெட்டியில் படுத்திருக்கின்றன. நோட்டின் கடைசிப் பக்கங்கள் இன்னும் பாக்கி. அவற்றில் ஆட்டக்காரர்கள் இல்லை, மௌனப்பட நடிகைகள். எண்ணும் இல்லை, தொகுப்பும் பிடிபடவில்லை. பெயரை வைத்துத் தேடலாம் என்றால், பாதிக் கார்டுகளில் கீழ்க்கரையோடு பெயரையும் பையன் வெட்டிப் போட்டுவிட்டான். குளிர்காலத்தில் அதில் கை வைக்க வேண்டும்.